ஏழு சீட்டு வண்டி, ஏழடி வேல்: டிக்கி கதவைத் திறந்து கட்டிட்டு கொல்லிமலை ஏறலாமா?

அவிநாசி_மருமகள்:

எல்லாருக்கும் வணக்கங்க. ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை போறோம். மாசி பெரியண்ணசாமி எங்க வீட்டுக்காரருக்குக் குலதெய்வம். வண்டி எர்டிகா, பெட்ரோல். ஓட்டறது நான்தான். ஈரோடு, திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் போய் காரவள்ளி வழியா ஏறலாம்னு இருக்கோம்.

பெரியவங்க அஞ்சு பேர், பசங்க ரெண்டு பேர். பெரியவனுக்கு ஒன்பது வயசு, சின்னவளுக்கு ஆறு. சாமான்னு பார்த்தா 25 கிலோ அரிசிச் சிப்பம், பித்தளை அண்டா ரெண்டு, ஒரு சாக்கு தேங்காய், வாழை இலைக் கட்டு, கேஸ் அடுப்பு, வீட்டு சிலிண்டர், துணிப் பைகள். இதோட ஒரு வேல். பெரியவன் குறைமாசத்துல பிறந்து ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தப்ப எங்க மாமியார் வேண்டிக்கிட்ட வேல் அது. ஏழடி, இரும்பு. பட்டறையில இன்னும் வேலை முடியல.

கொழுந்தனார் சொல்ற யோசனை இது: கடைசி வரிசை சீட்டை மடக்கிடலாம், வேல் தண்டை நடுவுல நீட்டி முனையை வெளிய விடலாம், பின் கதவைப் பாதி இறக்கி நைலான் கயித்துல கட்டிடலாம். பசங்க ரெண்டும் பின்னாடி துணிப் பை மேல படுத்துக்குவாங்க, காத்தோட்டமா இருக்கும்ங்கறார். மாமியாருக்கும் இது பிடிச்சுப் போச்சு, வேல் நம்ம கூடவே வரணும்ங்கறது அவங்க ஆசை. அதைத் தட்ட எனக்கு மனசில்லை. ஆனா கதவு திறந்த டிக்கியில பசங்களைப் படுக்க வெச்சு 70 கொண்டை ஊசி வளைவு ஏற மனசு ஒப்ப மாட்டேங்குது. "பயமா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா வீட்ல எடுபடாது. காரணத்தோட சொல்லணும், அதுக்குத்தான் இங்க கேக்கறேன்.

இன்னொன்னு. பின் கண்ணாடியில ஆவியைப் போக்கற டீஃபாகர் கோடுகள் இருக்கு. போட்டா மேல் பக்கம் தெளியுது, கீழ ரெண்டு கோடு இருக்கற இடத்துல ஆவி அப்படியே நிக்குது. உள்பக்கம் கூலிங் பேப்பர் ஒட்டியிருக்கு, வண்டியை முன்னாடி வெச்சிருந்தவங்க ஒட்டினது. மலையில ஆடி மாசம் மேகம் ரோட்டுக்கே இறங்கும்ங்கறாங்க. கோட்டைச் சரி பண்ண முடியுமா, கண்ணாடியையே மாத்தணுமா?

காரவள்ளி_டிரைவர்:

தங்கச்சி, நான் சேந்தமங்கலம். இந்த மலைக்கு டூரிஸ்ட் வண்டி ஓட்டறதுதான் என் பொழப்பு. உங்க மனசு ஒப்பலன்னு எழுதியிருக்கீங்க, அந்த மனசு சரியாத்தான் சொல்லுது. பின் கதவைத் திறந்து வெச்சு ஏறவே ஏறாதீங்க. காரணம் கேட்டீங்க, சொல்றேன்.

முதல் காரணம் புகை. மழையில்லாத நாள்ல மண் ரோட்டுல கொஞ்ச தூரம் போயிட்டு வந்து உங்க வண்டியைச் சுத்திப் பாருங்க. பக்கத்துக் கண்ணாடியில லேசாத்தான் தூசி இருக்கும், பின் கண்ணாடியில மட்டும் விரலால பேர் எழுதற அளவுக்குப் படிஞ்சிருக்கும். பின்பக்கம் செங்குத்தா வெட்டின மாதிரி இருக்கற வண்டி ஓடும்போது, பின்னாடி காத்தழுத்தம் குறைஞ்சு காத்து சுழண்டு வண்டியைப் பார்த்தே திரும்பி வரும். அந்தத் தூசியைக் கொண்டு வந்து கண்ணாடியில அப்பறது அதுதான். சைலன்சர் வாய் எங்க இருக்கு? அதே பின் பம்பருக்குக் கீழ. கதவு மூடியிருந்தா தூசியும் புகையும் கண்ணாடியோட நின்னுடும். திறந்திருந்தா நேரா உள்ள வரும். கொழுந்தனார் காத்தோட்டம்னு நினைக்கறது அந்தக் காத்தைத்தான். பசங்க தலை வெச்சுப் படுக்கற இடமும் அதுதான்.

இதுல காரவள்ளி ரோடு இன்னும் மோசம். வளைவுக்கு வளைவு ஃபர்ஸ்ட் கியர், செகண்ட் கியர்ல இன்ஜினை முறுக்கித்தான் ஏறணும், வேகம் இருக்காது. ஆடிப் பதினெட்டுல வல்வில் ஓரி விழாவும் சேர்ந்து வரும், செம்மேடு வரைக்கும் வண்டிக்குப் பின்னால வண்டியா ஊர்ந்துதான் போகும். உங்க புகை போதாதுன்னு பக்கத்து வண்டிப் புகையும் உள்ள வரும்.

ரெண்டாவது, அந்தக் கதவு. பின் கதவுக்கு ரெண்டு பக்கமும் கேஸ் அடைச்ச தண்டு இருக்கே, அது கதவை எப்பவும் மேல தள்ளிக்கிட்டே இருக்கும். லாக் விழாத கதவைக் கயிறு மட்டும்தான் பிடிச்சிருக்கும். நைலான் கயிறு வழுக்கற சாதி, ஆட ஆட முடிச்சு இளகும். கதவு மேல எழும்பினா நம்பர் பிளேட் வானத்தைப் பார்க்கும், பின்னாடி வர்றவனுக்கு வேல் முனை மட்டும்தான் தெரியும். ஏத்தின சரக்கு வண்டியை விட்டு வெளிய அளவுக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்தா 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய். பைக்ல வர்ற ஒரு பையன் நெஞ்சு அந்த முனை உயரத்துலதான் வரும். இதைக் கொழுந்தனார்கிட்ட அப்படியே சொல்லுங்க.

மூணாவது, பசங்க. டிக்கித் தரையில பெல்ட்டும் கிடையாது, சீட்டும் கிடையாது. பின்னால ஒருத்தன் வந்து இடிச்சா நசுங்கறதுக்குன்னே விட்ட இடம் அது. 14 வயசுக்குக் கீழ இருக்கற பசங்க பெல்ட் போடாம இருந்தா ஓட்டறவங்க மேலதான் கேஸ், அபராதம் 1,000 ரூபாய். ஆனா நான் அபராதத்துக்காகச் சொல்லல.

இப்ப சாமான். இதுலதான் நிறைய பேர் யோசிக்கறதில்லை. மூணு வரிசை சீட்டும் நிமிந்திருந்தா எர்டிகா டிக்கி 209 லிட்டர்தான். துணிப் பை, இலைக் கட்டோட அது நிறைஞ்சுடும். எடைக் கணக்கும் போட்டுப் பாருங்க. ஆர்.சி. புக்குல காலி எடைன்னு ஒண்ணு, மொத்த எடைன்னு ஒண்ணு இருக்கும். அந்த வித்தியாசத்துலதான் ஏழு பேரும் சாமானும் அடங்கணும். ஆள் எடையைக் கழிச்சுட்டு மீதி என்ன இருக்குன்னு பாருங்க. வீட்டு சிலிண்டர் ஒண்ணே கேஸ் 14.2 கிலோ, இரும்போட சேர்த்தா 30 கிலோ கிட்ட.

அரிசிச் சிப்பத்தைப் பத்தி ஒண்ணு சொல்றேன். 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயாவது மோதி அரை மீட்டருக்குள்ள நிக்குதுன்னு வைங்க. உள்ள இருக்கற ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல 20 மடங்கு பலத்தோட முன்னால பாயும். 25 கிலோ சிப்பம் 500 கிலோவாப் போய் கடைசி வரிசை முதுகுல அடிக்கும். அந்த முதுகுல சாஞ்சிருக்கறது உங்க பசங்க. அதனால கனமானது எதுவானாலும் தரையோட தரையா, சீட்டு முதுகை ஒட்டி, அசையாம இறுக்கி வைக்கணும். மேல அடுக்கவே கூடாது. சீட்டு தலைமட்டத்துக்கு மேல எதுவும் தெரியக் கூடாது, ரியர்வியூ கண்ணாடியில ரோடு தெரியணும். மடக்கி நிமித்தின சீட்டு லாக் விழுந்துதான்னு ஒரு தடவை இழுத்துப் பாருங்க.

வேலுக்கு வழி இருக்கு. பட்டறையில இன்னும் முடியலன்னீங்களே, நல்லதாப் போச்சு. தண்டை நடுவுல ரெண்டாக்கி மரை போட்டுத் தரச் சொல்லுங்க. மலையில போய் முடுக்கினா ஒரே வேல். பூசாரிகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, பெரியவங்க மனசும் ஆறும். அதுவும் வேண்டாம்னா பங்காளிங்க சேர்ந்து ஒரு டாட்டா ஏஸ் சரக்கு வண்டி பேசுங்க. ஏழடி வேலைக் குறுக்கா சாய்ச்சு வெச்சா பின் பலகையை மூடியே கொண்டு வரலாம். அண்டா, சிப்பம், தேங்காய் எல்லாம் அதுலயே போட்டுடலாம். ஆளுங்க மட்டும் அதுல ஏறக் கூடாது.

சிலிண்டரைக் காருக்குள்ள வைக்காதீங்க. சமையல் கேஸ் காத்தை விடக் கனம். கசிஞ்சா மேல போகாது, கண்ணாடி ஏத்தின காருக்குள்ள காலடியிலயே தேங்கி நிக்கும். ஏஸ்ல நிமித்தி வெச்சு, மூடி போட்டு, சாயாத மாதிரி கட்டிக் கொண்டு வாங்க. இல்ல விறகடுப்புலயே பொங்கல் வைங்க.

குளித்தலை_பாலு:

டிரைவர் அண்ணன் ரொம்பப் பயமுறுத்தறார். நாங்க வருஷா வருஷம் ஆம்னி வேன்ல பின் கதவைத் தூக்கிக் கட்டிட்டுத்தான் கோயிலுக்குப் போறோம். பசங்க பின்னாடி காலைத் தொங்கப் போட்டுட்டு வருவாங்க. மலை ஏறினா ரெண்டு பேருக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் மோந்தா சரியாப் போயிடும். இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லை.

இரவுப்பணி_செவிலி:

பாலு அண்ணா, நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதிய அந்த வாந்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

வண்டிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை நாற்றம் வந்தால்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிச் செல்லும் ஹீமோகுளோபின் இருக்கிறதல்லவா, அதோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆக்சிஜனுக்கு இடமிருக்காது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வாந்தி. அப்புறம் தூக்கக் கலக்கம். கொண்டை ஊசி வளைவில் எல்லாருக்கும் வருவதும் இதேதான். அதனால் "மலை ஒத்துக்கல" என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டே போவார்கள். பின்னால் இருக்கும் குழந்தை தூங்கிவிட்டால் அசதி என்று நினைத்துப் போர்த்திவிடுவார்கள். மயங்கியிருப்பது யாருக்கும் தெரியாது. குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் பெரியவர்களுக்கு முன்னால் அவர்களுக்குத்தான் பாதிப்பு வரும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. இதற்கு அதை நம்ப வேண்டாம். இந்த வாயு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஒட்டிய ரத்தத்தையும் அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டும்.

சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லாரையும் வெளியே இறக்குங்கள். வெளியே வந்ததும் எல்லாருக்கும் ஒன்றாகத் தலைவலி குறைந்தால் அதுவே பெரிய அடையாளம். ஒருவர் மந்தமாக இருந்தாலும் 108-க்குக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் "காருக்குள் புகை வந்தது" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சொன்னால்தான் அதற்கான ரத்தப் பரிசோதனையை எடுப்பார்கள், உடனே ஆக்சிஜன் வைப்பார்கள்.

உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், அண்ணா. அடுத்த முறை அந்தக் கதவை மூடிவிட்டுப் போங்கள்.

கண்ணாடிக்கடை_ஈரோடு:

அக்கா, டீஃபாகருக்கு நான் சொல்றேன். கண்ணாடியை மாத்த வேண்டியதில்லை.

அந்தக் கோடுகள் கண்ணாடிக்கு உள்பக்கம் அச்சடிச்ச மெல்லிசான வெள்ளிக் கலவை. கரண்ட் ஓடினா சூடாகி ஆவியைக் காய வைக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு கோடும் தனித்தனி, அதனாலதான் மேல தெளியுது, கீழ தெளியல. கீழ் ரெண்டு கோடு அறுந்து எங்க கடைக்கு வர்ற வண்டியில பாதிக்கு மேல டிக்கியில சாமானை முட்ட அடுக்கினதுதான் காரணமா இருக்கும். அட்டைப் பெட்டி முனை, சூட்கேஸ் சக்கரம், இந்த மாதிரி ஏதாவது கண்ணாடியில உரசிக்கிட்டே வந்திருக்கும். மிச்சம், கூலிங் பேப்பரை உரிக்கும்போது கோடும் சேர்ந்து வர்றது.

எங்க அறுந்திருக்குன்னு நீங்களே பார்த்துக்கலாம். இன்ஜினை ஓட விட்டு டீஃபாகரைப் போடுங்க. மல்டிமீட்டர்ல டி.சி. வோல்ட் வெச்சு, கறுப்பு முனையை வண்டி பாடியில ஒரு போல்ட்டுல பிடிச்சுக்கங்க. சிவப்பு முனையில சின்னதா அலுமினியத் தாள் சுத்திக்கங்க, கோடு கீறாது. ஒரு ஓரத்துல இருந்து கோட்டு மேல மெதுவா நகத்திட்டே போங்க. நல்ல கோடுன்னா 12 வோல்ட்ல தொடங்கி நடுவுல 6 கிட்ட வந்து அந்தப் பக்கம் பூஜ்யம் வரைக்கும் படிப்படியா இறங்கும். அறுந்த கோட்டுல 12-லயே நின்னுட்டு ஒரு இடத்துல சடக்குனு பூஜ்யத்துக்கு விழும். விழற இடம்தான் அறுப்பு. வெளிச்சத்துக்கு நேரா பார்த்தா ஒரு முடி அளவுக்குப் பிளவு தெரியும். அங்க கோட்டுக்கு மேலயும் கீழயும் டேப் ஒட்டிட்டு, கரண்ட் கடத்தற வெள்ளி பெயின்டைத் தடவி ஒரு நாள் காய விடுங்க.

ஆனா உங்க வண்டியில கோட்டு மேல பேப்பர் ஒட்டியிருக்கு. முதல்ல அது வரணும். பிளேடு வெச்சுச் சுரண்ட விடாதீங்க, மிச்சக் கோடும் போயிடும். ஆவி காட்டி பசையை இளக்கி, கோடு போற திசையிலயே படுக்கையா மெதுவா உரிக்கணும். கை பழகின ஆள்கிட்ட விடுங்க. உரிக்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. முன், பின் கண்ணாடியில 70 சதவீத வெளிச்சமும் பக்கத்துக் கண்ணாடியில 50 சதவீதமும் உள்ள வரணும்னு மோட்டார் வாகன விதி. கறுப்பு பேப்பரை 2012-லயே உச்ச நீதிமன்றம் தடை பண்ணிடுச்சு. இருட்டுற நேரத்துல, தூறல்ல, மலை வளைவுல ரிவர்ஸ் எடுக்கறப்ப அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியா பின்னாடி நிக்கற ஆளே தெரிய மாட்டான்.

துடைக்கறதும் கோட்டோடவே இடமிருந்து வலமா, மெல்லிசான ஈரத் துணியில. மேலயும் கீழயும் தேய்க்காதீங்க. இன்ஜின் ஓடாம டீஃபாகர் போடாதீங்க, பேட்டரியை இழுத்துடும். ஏழு பேர் மூச்சு விடற வண்டியில ஏ.சி.யை உள்காத்து சுத்தற பட்டன்ல விட்டா எந்த டீஃபாகர் இருந்தாலும் ஆவி போகாது. ஏ.சி. போட்டு, வெளிக்காத்து வர்ற பக்கம் மாத்தி வைங்க.

அவிநாசி_மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. செவிலி அக்கா எழுதினதை மாமியாருக்கு வாய் விட்டுப் படிச்சுக் காட்டினேன். "தூங்கறான்னு போர்த்திவிடுவார்கள்"ங்கற இடத்துல பையனைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டாங்க. அதுக்கு மேல நான் எதுவும் பேச வேண்டி வரல. வேலுக்கு மரை போட பூசாரி சரின்னுட்டார், பட்டறையிலயும் சொல்லியாச்சு. ரெண்டாப் பிரிச்சாலும் நம்ம வண்டியில வேண்டாம், சாமானோட ஏஸ்ல வரட்டும்னு அத்தையே சொல்லிட்டாங்க. பங்காளி வீடு மூணும் சேர்ந்து ஏஸ் பேசிட்டாங்க, சிலிண்டரும் அதுல போகுது. பசங்க கடைசி வரிசையில பெல்ட்டோட. கூலிங் பேப்பரை உரிக்கக் கடையில நாள் கேட்டிருக்கேன்.

ரெண்டு சந்தேகம். எங்க பின் கதவு முழுசாத் தூக்கினாலும் மெதுவா இறங்கி வருது, போன வாரம் அத்தை தலையில தட்டப் பார்த்துச்சு. அதோட, திரும்பி வர்றப்ப இருட்டிடும். மலையில பின் பாரத்தோட இறங்கறதுக்கு வேற ஏதாவது கவனிக்கணுமா? பாலு அண்ணா, நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?

குளித்தலை_பாலு:

செவிலி தங்கச்சி எழுதினதை நானும் வீட்ல காட்டினேன். இந்த வருஷம் ரெண்டு வண்டியாப் போறோம். கதவு மூடித்தான்.

காரவள்ளி_டிரைவர்:

சந்தோஷம் பாலு.

தங்கச்சி, கதவு தானா இறங்குதுன்னா கேஸ் தண்டு வலு போச்சு. ரெண்டையும் ஜோடியா மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தினா கதவு கோணிக்கும். கட்டையை முட்டுக் கொடுத்து ஓட்டிக்கலாம்னு நினைக்காதீங்க. மூடும்போது பசங்க விரல் எங்க இருக்குன்னு பார்த்துட்டு மூடுங்க, லாக் விழுந்த சத்தம் கேட்டதும் மேல ஒரு தடவை இழுத்துப் பாருங்க. டேஷ்போர்டுல கதவு திறந்த விளக்கு எரிஞ்சா வண்டியை எடுக்காதீங்க.

வழியில லாக்கே கெட்டுப் போய் கதவு மூடாம போச்சுன்னு வைங்க. பின்னாடி இருக்கறவங்களை வேற வண்டியில ஏத்துங்க. முன் கண்ணாடி ரெண்டையும் இறக்கி, புளோயரை வெளிக்காத்துல முழு வேகத்துல வெச்சு, பக்கத்துல இருக்கற மெக்கானிக் வரைக்கும் மட்டும் போங்க. அந்த அளவுக்குத்தான்.

டயருக்குப் பாரம் ஏத்தினா எவ்வளவு காத்துன்னு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்கும், கிளம்பற அன்னைக்குக் காலையில பார்த்துக்கங்க. பின்னால பாரம் இருந்தா வண்டி மூக்கு தூக்கும், ஹெட்லைட் எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும். ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் பூஜ்யத்துல தொடங்கி நம்பர் போட்ட ஒரு சின்ன உருளை இருக்கும், அதைச் சுத்தினா லைட் கீழ இறங்கும். ஆள் நிறைஞ்சு டிக்கியும் நிறைஞ்சா ரெண்டு, மூணு பக்கம் வெச்சுப் பாருங்க. ரோட்டுல லைட் விழற இடம் உங்களுக்கே தெரியும். இறங்கும்போது ஏறின அதே கியர், பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும்.

இந்த ரோட்ல நிறைய வண்டி சி.என்.ஜி.ங்கறதால ஒண்ணு. அந்த வண்டிக்காரங்க டிக்கியில இருக்கற சிலிண்டர் மேல எதையும் ஏத்தவோ சாய்க்கவோ கூடாது. மூணு வருஷத்துக்கு ஒருக்க சிலிண்டர் சோதனை பண்ணின தேதியையும் பார்த்துக்கணும்.

மேல போய் நிறுத்தறப்ப இடம் சரிவாத்தான் கிடைக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விட்டு, பின் டயருக்குக் கல் வைங்க. டிக்கியைத் திறக்கறதுக்கு முன்னாடி பசங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கிட்டே கொஞ்சமாத் திறங்க. வளைவுல ஆடி வந்த சாமான் எல்லாம் கதவு மேல சாஞ்சு நிக்கும், சட்டுனு திறந்தா கால்ல விழும். கிளம்பும்போது டயருக்கு வெச்ச கல்லை ரோட்டுலயே விட்டுட்டு வந்துடாதீங்க, ராத்திரி இறங்கற பைக்காரனுக்கு அது தெரியாது.